சொல்லாமல் கொள்ளாமல் போகும் கலை

குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அழுகைச் சத்தம் காதில் விழாமல் வெளியே வரும் கலையில் இந்தப் பூமியில் என் அத்தானை மிஞ்ச ஆள் கிடையாது. இது என் கருத்து அல்ல. அவரே சொன்னது. முன்னோடிகள் தங்களைத் தாங்களே அறிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை.

அத்தான் மெத்தைக் கடையில் விற்பனையாளர். வழி கேட்க உள்ளே வந்தவருக்குக்கூட மெத்தை விற்றிருக்கிறார். வாடிக்கையாளரின் கண் விலைச்சீட்டின் மேல் விழும் நேரத்தில் அவர் கையை இழுத்து நுரையை அமுக்கிப் பார்க்கச் சொல்வதுதான் தொழில் ரகசியம் என்பார். அதே ரகசியத்தைத்தான் மகள் மேலும் பிரயோகித்தார்.

மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பாள் என்பதால் பெயர் பட்டாணி. அவள் பிறந்தபோது என் அக்கா விட்ட ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை இப்போது மறுபடி கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் பட்டாணி காப்பகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கூடத்து மேலாளர் மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார். காலையில் விட்டு வரும் பொறுப்பை அத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்லூரி விடுமுறையில் வீட்டுக்குப் பாரமாக இருந்த நான் பை தூக்கப் போனேன்.

காப்பகத்தில் ஒரு வழக்கம். விட வருகிறவர் வாசலில் குழந்தையின் உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார வேண்டும். போகப்போவதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எப்போது வருவோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் மணிக்கணக்கில் அல்ல, குழந்தைக்குத் தெரிந்த கணக்கில்: பால் குடித்து, தூங்கி எழுந்து, மணலில் விளையாடி முடித்ததும். பிறகு வெளியே வந்து ஜன்னலில் கையசைத்துவிட்டுப் போய்விட வேண்டும். பிள்ளை அழுதாலும் சரி.

சின்னப் பிள்ளைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் இதை விளக்கியபோது அத்தான், கடையில் பேரம் பேசுகிறவர்களுக்காக வைத்திருக்கும் சிரிப்பைச் சிரித்தார். வெளியே வந்ததும், மேடையும் மைக்கும்தான் பாக்கி, விமான நிலையத்தில்கூட இவ்வளவு பெரிய வழியனுப்பு விழா நடக்காது என்றார். சும்மா இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, கண்ணு, நீ இப்போது அழ ஆரம்பிக்கலாம் என்று அறிவிப்பு கொடுக்கிறார்களாம்.

முதல் நாள் பட்டாணிக்கு மர ரயிலைக் காட்டினார். அவள் பெட்டியோடு பெட்டியைக் கோத்துக்கொண்டிருக்கும்போது பூனை மாதிரி நழுவினார். தெருமுனை வரை சத்தம் இல்லை.

"பாத்தியாடா மச்சான், ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா?"

மறுநாள் கரடி பொம்மை. செவ்வாயும் வெற்றி.

நாங்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகு உள்ளே நடந்ததை மிஸ் சொன்னார். பொம்மையிலிருந்து நிமிர்ந்தவள் அப்பாவைக் காணாமல் மேசைக்கடியில், திரைக்குப் பின்னால், அலமாரிக்குள் எல்லாம் தேடியிருக்கிறாள். என்ன சுறுசுறுப்பு என்று அத்தான் பூரித்தார். மிஸ் பூரிக்கவில்லை.

"அவ அழுதா நாங்க சமாதானப்படுத்துவோம் சார், அது எங்க வேலை. நீங்க காணாமப் போனா நாங்க என்ன பண்றது?"

வீட்டிலும் நிலைமை மாறியது. அத்தான் குளியலறைக்குள் போனால் கதவுக்கு வெளியே பட்டாணி காவல் உட்கார்ந்தாள். குப்பை கொட்டப் போனால் அவர் சட்டை நுனி அவள் கையில் இருந்தது. அத்தான் இதைப் பாசம் என்று வகைப்படுத்தினார்.

புதன்கிழமை சாயங்காலம், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த அக்கா, பட்டாணி தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் துணி யானையை எடுத்து அவளிடம் நீட்டினாள். பட்டாணி யானையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு வீடே அதிரும்படி வீறிட்டு அக்காவின் காலைக் கட்டிக்கொண்டாள். உதவி செய்யும் எண்ணத்தில் நான் ஒரு பந்தை எடுத்துக் காட்டினேன். என் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாராவது பொம்மையை நீட்டினால், நீட்டியவர் அடுத்த நிமிஷம் காணாமல் போகப்போகிறார் என்று அவளுக்கு அர்த்தம். அத்தான் அந்தப் பாடத்தை ஒரு நாள் விடாமல் நடத்தியிருந்தார். அன்று காலைகூட மீன் தொட்டியைக் காட்டித்தான் நழுவியிருந்தார்.

பொம்மையைக் கண்டால் அலறும் பிள்ளை, திரும்பிய பக்கமெல்லாம் பொம்மை இருக்கும் அறையில் என்ன செய்யும்? வியாழக்கிழமையும் அத்தான் நழுவித்தான் வந்தார். மிஸ் சொன்னபடி, அன்று முழுக்க அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பாலைத் தொடவில்லை. பக்கத்தில் எந்தப் பிள்ளையையும் சேர்க்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வெள்ளைக் கோட்டும் அதில் இருந்தது. அதை மட்டும் பீரோவின் மேல்தட்டில், உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"வரலைன்னு நாளைக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். பரவாயில்லைங்க, பள்ளிக்கூடம் சேந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

விலை அதிகம் என்றால் அத்தானிடம் பதில் உண்டு. கனம் அதிகம், நீளம் குறைவு, எல்லாவற்றுக்கும் உண்டு. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறவரை என்ன செய்வதென்று மட்டும் அவருக்குத் தெரியாது. பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள், சாயங்காலம் வரை யாருக்கும் போன் பண்ணாதே என்று கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை காப்பக வாசலில், தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். காது கேட்கும் தூரத்துக்குத் தள்ளி நின்றேன். அத்தானுக்குப் பேண்ட் கொஞ்சம் இறுக்கம். கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகக் குத்தவைத்தார்.

"அப்பா கடைக்குப் போயிட்டு வரப்போறேன்டா. நீ பால் குடிப்ப. தூங்குவ. எழுந்து மணல்ல விளையாடுவ. மணல் முடிஞ்சதும் அப்பா வந்துடுவேன்."

பாலுக்கே போகவில்லை; 'கடைக்கு' என்ற சொல்லிலேயே பட்டாணி ஆரம்பித்துவிட்டாள். அத்தானின் கண் ஒருமுறை மர ரயில் பக்கம் போனது. கை போகவில்லை. கடைசி வரை சொல்லி முடித்து, அவளை மிஸ்ஸின் கையில் கொடுத்தார். வெளியே வந்து ஜன்னலில் கையசைத்தார். மிஸ்ஸின் தோளில் இருந்தபடி அவள் கதறினாள். ஆனால் அவர் கேட்டைத் தாண்டும் வரை கண்ணை எடுக்கவில்லை. அவர் போவதை அவள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

தெருமுனை வரை சத்தம் கேட்டது. நான் அத்தானிடம் எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மதியத்துக்குப் பிறகு மிஸ் அக்காவைப் போனில் கூப்பிட்டார். ரொம்ப நேரம் அழுதாளாம். பால் பாதி குடித்தாளாம். தூங்கி எழுந்ததும், அடுத்தது மணலா என்று கேட்டாளாம். அக்கா போனை வைத்துவிட்டு, "திங்கட்கிழமை போய்த்தான் பாக்கறேன்," என்றாள்.

அத்தான் கடையில் பெர்மிஷன் போட்டு வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாணி எங்களுக்கு முதுகைக் காட்டி வாளியில் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பையன் அவள் வாளியில் தன் பங்கையும் கொட்டினான். அவள் விரட்டவில்லை. நான் கேட்டைத் தள்ளப் போனேன். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா, மணல் இன்னும் முடியல," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே வெயிலிலேயே நின்றார்.