கஞ்சி கேட்ட கிணறு

கணபதி என்கிற ஊரில் நாச்சியம்மாள் வீட்டுக் கிணறு, நோன்பின் ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டது. அன்றைக்குத் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய். "ஏனுங்க அம்மணி, இன்னுங் கொஞ்சம் கெடைக்குங்களா?" என்று கோடிப் பேர் சேர்ந்து மெல்லக் கேட்கிற குரல். அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்லாமல் போக முடியுமா? "நாளைக்குக் கொண்டாரனுங்க" என்று குனிந்து சொல்லிவிட்டு நாச்சியம்மாள் உள்ளே போனார்.

அந்தத் தண்ணீர் மஞ்சளாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் அப்துல் கையூமின் பிளேட்டிங் பட்டறை. இரும்புக்குக் குரோமியப் பளபளப்பு ஏற்றுகிற தொட்டியில் விரிசல் விட்டு, மருந்துத் தண்ணீர் மண்ணில் இறங்கிவிட்டது. தெரிந்த அன்றே கையூம் தொட்டியை உடைத்துப் புதிதாகக் கட்டினார். மஞ்சள் மட்டும் போகவில்லை. நாச்சியம்மாளின் கணவர் திருமூர்த்தி, சித்திரையில் அவிநாசிக்குக் குடிபோக வீடு பார்த்துவிட்டார். பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்த வீட்டை விட்டுப் போவதை நினைத்தாலே நாச்சியம்மாளுக்கு உயிர் போயிற்று. ஆனாலும் கையூம் வீட்டாரை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அந்த வாய் அப்படி. வம்பும் அந்த வாயால்தான் வந்தது. கையூமின் மனைவி ரம்லா இந்த நோன்பில் தினமும் தூக்குப்போசி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்க, இதுவும் மஞ்சள் தண்ணீரில்தான் காய்ச்சியது என்று இவராக நினைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. செத்த கிணறுதானே என்று அதில் ஊற்றினார். கஞ்சி எப்படி என்று ரம்லா கேட்டால் அமிர்தம் என்றார்.

இருபதாம் நாள் மஞ்சள் பாதி வெளுத்திருந்தது. விவசாயக் கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பிரீத்திகா ஒரு பாட்டில் எடுத்துப் போய்ச் சோதித்து வந்தாள். மண்ணில் எப்போதும் இருக்கிற கிருமிகள் கஞ்சியைத் தின்று, அந்தத் தெம்பில் விஷக் குரோமியத்தைச் சாதுவான பச்சைக் குரோமியமாக மாற்றி அடியில் படியவைக்கின்றன, தீனி நின்றால் வேலையும் நின்றுவிடும் என்றாள். அவை பேசுவது பாடத்தில் இல்லையாம்.

பிறை தெரிந்தது, கஞ்சி நின்றது. மஞ்சள் இன்னும் பாதி இருந்தது. நாச்சியம்மாள் தானே காய்ச்சி ஊற்றிப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க, ரம்லா அம்மணி கைப்பக்குவம் வரலீங்க" என்றது கிணறு. வேறு வழியில்லாமல் ரம்லா வீட்டுக்குப் போனார்.

"கண்ணு, நீங்க குடுத்த கஞ்சிய நானு ஒரு நாளும் குடிக்கலீங்க. மஞ்சத் தண்ணின்னு கெணத்துல ஊத்திப்போட்டேன்."

ரம்லாவின் முகம் சுண்டிப்போயிற்று. "அது கொழாய்ல வர்ற சிறுவாணித் தண்ணிங்கக்கா."

நாச்சியம்மாளுக்கு நிற்கிற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. மீதிக் கதையையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தார். ரம்லா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

இருபத்தாறு நாள் காய்ச்சினார். கையூமே சுமந்து வந்து ஊற்றினார். ஊற்றும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டார், கிணறு பரவாயில்லீங்க என்றது. சித்திரை பதிமூன்றாம் தேதி, பிரீத்திகா குடிக்கலாம் என்று சொன்ன தண்ணீரில் ஒரு சொம்பை, சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரருக்குக் கொடுத்துத் திருமூர்த்தி திருப்பி அனுப்பினார்.

அன்று நாச்சியம்மாள் ரம்லா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து முதல் தடவையாக அந்தக் கஞ்சியைக் குடித்தார். இத்தனை ருசியானதையா ஒரு மாதம் வாயில் வைக்காமல் இருந்தோம் என்று கண்ணில் தண்ணீர் வந்தது. மிச்சத்தைக் கிணற்றுக்குக் கொண்டுபோனார். கிணறு வேண்டாம் என்றது, வயிறு நிறைந்துவிட்டதாம்.