ஒட்டுக்குக் கீழே

சபாரத்தினத்துக்குக் கைராசி உண்டு என்று, புலம்பெயர்ந்து வந்த ஹில்ஸ்பரோவில் அவரைத் தெரிந்த தமிழ்ச் சனம் எல்லாம் சொல்லும். அதை முதன்முதலில் சொன்னவர் சபாரத்தினமேதான் என்பது வேறு விஷயம். குளிர் வந்தால் செத்துப்போகும் கறிவேப்பிலையை மூன்று குளிர்காலம் காப்பாற்றிய மனிதர். அந்தக் கதையைக் கேட்காமல் எந்த விருந்தாளியும் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

வீட்டைச் சுற்றிய அந்த வளவில் அவர் வைக்காத மரம் ஒன்றே ஒன்று, பின்வேலியோரத்து செர்ரி. அது மருமகள் கஜந்தினி நட்டது. நான்கு வருடங்களுக்கு முன், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் அவளுடைய பெண்பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் கிழமை தானே போய் மரத்தை வாங்கி வந்து, தானே குழி தோண்டி நட்டாள். புருஷன் யசீகரன் மண்வெட்டியைக் கேட்டும் கொடுக்கவில்லை. பழம் தராத, பூவுக்கென்றே வளர்க்கிற இனம் அது. இங்கே வசந்தம் தொடங்குகிற செப்டெம்பரில் இலை வரமுன்னமே கொப்பெல்லாம் ரோசாநிறப் பூவாக அடைந்துவிடும். பூ நிற்கிற அந்த இரண்டு கிழமையும் வேலைக்குப் போகுமுன் கஜந்தினி தேத்தண்ணீரோடு அதன் கீழே போய் நிற்பாள். அவளை அந்த நேரம் யாரும் கூப்பிடுவதில்லை.

போன வருடம் ஜனவரியில் ஒருநாள் சபாரத்தினம் நடந்துவிட்டு வந்தபோது, அவள் மரத்தடியில் குந்தியிருந்து, அடியில் முளைத்த தளிர்களைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். வாழையடியில் குட்டி வைத்தால் பூரித்துப்போகிற மனிதருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ளை செய்யிறாய்? மரம் குட்டி வைச்சிருக்கு. அதைப் போய் வெட்டுறியே!"

"இதை வெட்டத்தான் வேணும், மாமா. வாங்கேக்கை தந்த அட்டையிலை போட்டிருக்கு."

அட்டை! ஐம்பது வருடம் மண்ணோடு கிடந்தவருக்கு அட்டை காட்டுகிறாள். கோபம் நாக்குக்கு ஏறிவிட்டது.

"குருத்தைக் கூசாமல் வெட்டுற கையிலை பிள்ளை எப்பிடித் தங்கும்?"

கஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். கத்தரியைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சொன்ன மறுகணமே சபாரத்தினம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மாமனார் போய் மருமகளிடம் பிழை என்று சொல்வதா? அதற்கு முதுகு வளையவில்லை. மரத்தைப் பற்றித்தானே சொன்னேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னார். அன்றிலிருந்து அந்த மரத்தின் பொறுப்பைத் தான் எடுத்துக்கொண்டார். குட்டிகள் வளர்ந்து பூத்துவிட்டால் தான் சொன்னது சரியென்று ஆகிவிடும், அந்தச் சொல்லின் கொடூரமும் எப்படியோ கழுவப்பட்டுவிடும் என்று நினைத்தார். மனிதப் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்! அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அந்தக் குட்டிகளுக்கே போயிற்று. விழாமல் தடி நட்டுக் கட்டியும் விட்டார். கஜந்தினி அந்தப் பக்கம் கத்தரியோடு வரவேயில்லை.

அந்த செப்டெம்பரில் பூ குறைந்தது. "குட்டி பெத்த களைப்பு" என்றார். இந்த செப்டெம்பரில் பாதி மரம் காய்ந்தே நின்றது. மற்றப் பாதியில் கையால் எண்ணக்கூடிய பூ. அவருடைய செல்லக் குட்டிகளோ ஆள் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து, பேருக்குச் சில சின்ன வெள்ளைப் பூக்களைக் காட்டிக்கொண்டிருந்தன. கஜந்தினி தேத்தண்ணீரோடு வந்து ஒருநாள் நின்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் குட்டியில் ஒரு கொப்பை முறித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் மாறி, பாட்டனி டவுன்ஸ் என்ற இடத்தில் இருந்த செடிக்கடைக்குப் போனார். அங்கே வேலை செய்கிற தேவதர்ஷினி தமிழ்நாட்டுப் பெண். குட்டி வைத்த களைப்புக்கு நல்ல உரமாக ஒன்று கேட்டவரிடம் அவள் கொப்பையும், போனில் எடுத்து வந்த மரத்தின் படத்தையும் வாங்கிப் பார்த்தாள்.

"அங்கிள், இது குட்டி இல்ல. இது ஒட்டு மரம். மேல இருக்கிறது செர்ரி, கீழ வேற மரத்தோட வேர். ஒட்டுக்குக் கீழ முளைக்கிறத அப்பப்ப வெட்டிடணும். விட்டா சத்தெல்லாம் அதுவே இழுத்துக்கும், மேல காஞ்சிடும். வீட்ல யாரும் வெட்டலையா?"

"ஒராள் வெட்டினவ."

"அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க."

ஒட்டு! ஊரில் எத்தனை ஒட்டு மாங்கன்று வைத்தவர் அவர். ஒட்டுக்குக் கீழே வெடிப்பதைக் கிள்ளி எறி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். குனிந்து ஒருதரம் அடிமரத்தைப் பார்த்திருந்தால் ஒட்டின இடத்து முடிச்சு தெரிந்திருக்கும். தெரியாமல் செய்த பிழை என்று சொல்லவும் வழியில்லை. அவளுக்கு முன்னால் தான் சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகக் குனியாமலே இருந்துவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரர். அவரைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. கைவாளை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் முழங்காலில் இருந்தார். ஆட்கள் வரமுன்னம் எல்லாவற்றையும் அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டால், மரம் தப்பினாலும் தப்பும், பேச்சு வாங்குவதிலிருந்து தானும் தப்பலாம். முதலாவதை அறுத்தார். இரண்டாவதில் வாளை வைத்தபோது, தான் திருட்டு வேலை செய்கிறோம் என்பது பளிச்சென்று உறைத்தது. வாளைக் கீழே வைத்துவிட்டு, ஈரப் புல்லிலேயே இருந்தார்.

ஐந்து மணிக்குக் கஜந்தினி வேலை உடுப்போடு பின்னால் வந்தாள்.

"மாமா, விழுந்திட்டீங்களோ?"

"இல்லை பிள்ளை. உன்ரை மரத்தை நான்தான் சாகப் பண்ணினனான். நீ வெட்டினதுதான் சரி. அண்டைக்கு நான் சொன்னது... அது மனிசன் சொல்லுற சொல் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் அறுபட்ட தண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மரம் இப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும், மாமா."

"பிறகேன் பிள்ளை என்னைத் தடுக்கேல்லை?"

"நீங்கள் சொன்னது உண்மையெண்டு நினைச்சிட்டன். என்ரை கைதான் கூடாத கையெண்டு, பிறகு தொடேல்லை." அவள் குரல் உயரவில்லை. "போன வருஷம் டொக்டர் கேட்டவ, இன்னொரு பிள்ளைக்குப் பாப்பமோ எண்டு. நான் வேண்டாமெண்டிட்டன். ஏனெண்டு உங்கடை மகனுக்கு இண்டைக்கும் தெரியாது. தனக்குத்தான் ஏதோ குறையெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார்."

சபாரத்தினத்துக்கு அப்போதுதான் விளங்கியது. மரம் போனதுதான் பெரிய பிழை என்று நினைத்து இவ்வளவு நேரமும் அதற்கு அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

"மன்னிக்கிறதைப் பற்றி எனக்கு இப்ப ஒண்டும் சொல்லத் தெரியாது," என்றாள் கஜந்தினி. "ஆனா அவருக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டார். அப்பா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டார் எண்டுதான் சொல்லுவார்."

ஆறு மணிக்கு யசீகரனின் கார் வந்து நின்றது. சபாரத்தினம் வேலியைப் பிடித்து எழுந்து முன்பக்கம் போனார்.

"தம்பி, உள்ளுக்குப் போகாதை. முதல் இதைக் கேள்."

போன வருடம் மருமகளுக்குச் சொன்னதை, ஒரு சொல்லும் குறைக்காமல், மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.