விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்கள்

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். மறுநாள் காலை அத்தானிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். வேலை போய் அக்கா வீட்டுக்கு வந்த என்னை, தன் திரைச்சீலைக் கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். உள்ளூர்க்காரர்கள் கடைக்கே வந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களைப் பிடிக்கத்தான் வெப்சைட்டும் விளம்பரமும். "கொஞ்ச நாள் பாப்போம். ஓடலேன்னா நிறுத்திடலாம்" என்றிருந்தார். நின்றால் என் வேலையும் நிற்கும். கொழுந்தியாளுக்குச் சும்மா சோறு போட அவர் தயங்கமாட்டார். எனக்குத்தான் அது தொண்டையில் இறங்காது.

கணக்கு என்னவோ ஜோராகத்தான் இருந்தது. விளம்பரத்தைத் தொட்டு வருகிறவர்கள் வாராவாரம் கூடியிருந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு ஓடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு ஜன்னலுக்குக்கூட ஆர்டர் இல்லை. எங்கேயோ இடித்தது. வந்தவர்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அதுவும் எல்லோரும் இந்த மத்தியான நேரத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது போட்டிக் கடைக்காரனின் வேலைதான். நம் விளம்பரத்தை ஆள் வைத்துத் தொடச் சொல்லி நம் பணத்தைக் கரைக்கிறான், வயிற்றெரிச்சல் பிடித்தவன். அவனை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"திரைச்சீலைன்னு போட்டுத் தேடு. மேலயே விளம்பரம்னு வரும் பாரு, அதைத் தொடு. தொட்டதும் வெளிய வந்துடாத, நாலு பக்கம் பாத்துட்டு வா. மத்தவங்கல்லாம் பாத்துட்டாங்க, நீதான் பாக்கி."

"யாருக்கா அது?"

"மாடி வீட்டுக்காரி. என்கூடப் படிச்சவங்க, தெருவுல தெரிஞ்சவங்க எல்லாரையும் தினம் அனுப்பறேன். உனக்கு ஆள் வரணும்ல?" அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ஒவ்வொரு தடவை தொடும்போதும் அத்தான் காசு போகுதுக்கா."

"பாக்கறதுக்குமா காசு?" போன் மடியில் விழுந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவர்கிட்ட சொல்லிடாதடி. உன்னை நிறுத்திடுவாரோன்னு பயந்துதான் செஞ்சேன்" என்றாள்.

கோபம் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் போய்த் தட்டைக் கழுவினேன். அந்தக் கணக்கையே காட்டினால் நான் தப்பிப்பேன். அத்தானும் சந்தோஷப்பட்டு விளம்பரத்துக்கு இன்னும் கொட்டிக் கொடுப்பார். அந்தப் பணமும் அக்காவின் சிநேகிதிகளுக்குச் செலவான மாதிரியே வீணாகும்.

காலையில் எங்கள் ஊரை நீக்கிவிட்டே காட்டினேன். வரைபடத்தில் மலை மாதிரி நின்ற கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

"போன வாரம் நல்ல கூட்டம்னு சொன்னியேம்மா?"

"அது நம்ம ஆளுங்கதான், அத்தான். தெரியாம தொட்டிருக்காங்க."

யார் தொட்டதென்று அவர் கேட்கவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்த அக்காவை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

"சரி, மிச்சப் பேரு?"

மிச்சப் பேர் சொற்பம். துணிகளைப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு அளவு எடுப்பது எப்படி என்ற பக்கத்துக்குப் போயிருந்தார்கள். அதோடு சரி. எல்லோரும் அங்கேயேதான் திரும்பியிருந்தார்கள்.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்தார். "தப்பா அளந்துட்டா துணி வீணாயிடுமேன்னு பயம். கடைக்கு வர்றவங்களும் இந்த இடத்துலதான் தயங்குவாங்க, நான்தான் பக்கத்துல நின்னு சொல்லித் தருவேன். இதுல கேக்கறதுக்கு ஒரு நம்பர்கூட இல்லையே. என் நம்பரைப் போடு."

போட்டேன். பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில். என்னை நிறுத்துவதா வேண்டாமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதில் வேறு மாதிரி வந்துவிடுமோ என்றிருந்தது. இந்த நொடியில் வெப்சைட்டில் இருப்பவர்களைக் காட்டும் திரையை மட்டும் திறந்து வைத்தேன். வெகுநேரம் சைபரில் நின்ற எண் ஒன்றானது.

அத்தான் நிமிர்ந்தார். அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "ஐயோ, நான் இல்லீங்க! என் போன் சார்ஜுல கிடக்கு."

"வெளியூர்தான்" என்றேன்.

அந்த ஒருவர் துணிகளைப் பார்த்தார். ஒரு நீல நிறத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு அளவுப் பக்கத்துக்கு வந்தார். அத்தான் மேசையிலிருந்த தன் போனை எடுத்து, மணிச் சத்தத்தைக் கூட்டி, மறுபடி மெதுவாக வைத்தார்.