மைக்கக்காவின் முதல் அத்தியாயம்

ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவளோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மைக்கக்காவின் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் அறிவிப்பாகவே வந்தது. "சாப்பாடு இன்னும் சிறிது நேரத்தில் தயாராகிவிடும்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். மூச்சு விடும் நேரம்தான் இடைவெளி. அதே வேகத்தில், அதே நிதானத்தில், "சாப்பாடு இன்னும் சிறிது நேரத்தில் தயாராகிவிடும்" என்று மறுபடியும் வரும். கூடத்தில் இருப்பவர், "தாமதத்துக்கு வருந்துகிறோம்னு சொல்லலையே" என்பார்.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது அவள் வேலை பார்த்த இடத்தில் சட்டம். முதல் தடவை சொல்லும்போது பாதிப் பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது தடவைதான் காதில் ஏறும். அதிலும் மணியோ எண்ணோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், இரண்டாவது தடவை தானாகவே வந்துவிடும். தெருவில் எல்லோரும் அவள் பெயரை மறந்து மைக்கக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு ஒரு குறை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. குரல் சும்மா கிடந்தது. கல்யாணமாகிப் போன மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் அப்பாவின் சர்க்கரை அளவைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். வீட்டுக்காரர் அவள் சொல்வதில் பாதியைக் கேட்பார், மீதிக்குத் தலையாட்டுவார். ஊரையே நிமிர்ந்து கேட்க வைத்த குரல் இப்போது பால்காரரிடம் ஒரு லிட்டர் போதும் என்று சொல்வதோடு சரி. அது அவளுக்கு வலித்தது.

நூலகத்துக்கு அவள் போவது வார இதழ் படிக்கவும், வீட்டுக்காரருக்குத் துப்பறியும் கதைகள் எடுத்துவரவும்தான். ஒருநாள் புத்தகம் பதியும் மேசை மேல் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கண் தெரியாத உறுப்பினர்களுக்காகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து தருகிறோம், படிக்கக் குரல் தேவை, ஆர்வமுள்ளவர்கள் நூலகரைப் பார்க்கவும். மைக்கக்கா கையிலிருந்த துப்பறியும் கதையை அங்கேயே போட்டுவிட்டு நூலகரைப் பார்க்கப் போனாள்.

நூலகர் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத பெண்மணி. அபராதம் கேட்கும்போதுகூட அவரே தப்பு செய்த மாதிரிதான் கேட்பார். மைக்கக்காவை மாடிக்கு அழைத்துப் போய் அறையைக் காட்டினார். சின்ன அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளி. நாற்காலி போட்டால் கிறீச்சிடும் என்று முக்காலி போட்டிருந்தார்கள். படிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

"வேர்த்துக் கொட்டும், அக்கா. பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

"இன்னொண்ணு. நீங்க நல்லா படிக்கறீங்களா இல்லையான்னு நான் முடிவு பண்ண முடியாது. கேக்கறவங்கதான் சொல்லணும். சோதனையா படிக்கறதை ஒரு டீச்சருக்கு அனுப்புவோம். கணக்கு டீச்சர். பார்வை போய்க் கொஞ்ச காலம் ஆச்சு. அவங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம்."

"கண்டிப்பானவங்களா?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நல்லவங்க. போன மாசம் ஒரு வங்கி மேலாளர் வந்து படிச்சார். கடன் இல்லன்னு சொல்ற மாதிரியே படிக்கறார்னு திருப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு அம்மா. குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு, எனக்குப் பல்லெல்லாம் இருக்குன்னு சொல்லிட்டாங்க."

மைக்கக்கா ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்தாள்.

கொடுத்த நாவலில் ஒரு பெண் தூரத்து நகரத்தில் தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். முதல் அத்தியாயத்தின் முடிவில், அப்பா இறந்துபோன செய்தி அவளுக்கு வருகிறது. மைக்கக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு எழுத்து மழுங்கவில்லை. ஆனால் கதாநாயகி படுக்கையிலிருந்து எழுந்ததே மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்பட்ட மாதிரி இருந்தது. "ஆலைச் சங்கு ஆறு மணிக்கு ஊதியது" என்று வந்த இடத்தில் நின்று, "ஆலைச் சங்கு ஆறு மணிக்கு ஊதியது" என்றாள். பதிவைக் கேட்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எதிரே இருந்த நூலகர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். அங்கே ஒரு தடவைதான் இருந்தது. கதாநாயகி எட்டு மணிக்குத் தேநீர் குடித்ததும் இரண்டு தடவை நடந்தது. கடைசியில், "காலை நான்கு மணிக்கு அப்பா இறந்துபோனார்" என்று வந்தது. மைக்கக்கா அதையும் அப்படியே, ஒரு இம்மி குரல் மாறாமல், இரண்டு தடவை சொல்லி முடித்தாள்.

நூலகர் காதுக் கருவியைக் கழற்றினார். "உச்சரிப்பு ரொம்ப சுத்தமா இருக்கு, அக்கா. என்னன்னா... கொஞ்சம் உணர்ச்சி சேர்த்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும். அப்புறம் ஒரு தடவை சொன்னா போதும். அடுத்த வாரம் ரெண்டாவது அத்தியாயம் படிங்க. ரெண்டையும் சேர்த்து அனுப்பறேன். முதல் அத்தியாயம் தெரியாம அது புரியாது பாருங்க."

மைக்கக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அங்கேதான் வினையே ஆரம்பித்தது. வீட்டுக்காரர் வாலிபத்தில் அலுவலக நாடகத்தில் ராஜாவாக நடித்தவர். அந்தக் கிரீடம் இன்னும் தலையை விட்டு இறங்கவில்லை. உணர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இத்தனை நாள் ஏன் என்கிட்ட சொல்லல? அழுகைங்கறது தொண்டையில இல்ல, அடிவயித்துல இருக்கு. எங்கே, அப்பான்னு கூப்பிடு பாப்போம்."

"அப்பா."

"ரயில் வரலடி. அப்பா போயிட்டாரு. கூப்பிடு."

வாரம் முழுக்கப் பயிற்சி நடந்தது. மைக்கக்கா விம்மினாள், விசும்பினாள், சொல்லுக்குச் சொல் பெருமூச்சு விட்டாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, எதுவானாலும் பேசித் தீர்த்துக்கலாம் என்று வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது அத்தியாயத்தை மைக்கக்கா அப்படியே படித்தாள். மகள் வீடு வந்து சேர்கிறாள், அப்பாவின் செருப்பு வாசலில் கிடக்கிறது. செருப்பு என்ற சொல்லுக்கே மைக்கக்கா தேம்பினாள். நூலகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

பதிவு டீச்சருக்குப் போனது. அதற்குப் பிறகு மைக்கக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கிடைத்தால் வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பளி அறை. கிடைக்காவிட்டால் மறுபடியும் பால்காரர்தான். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. தினமும் நூலகத்துக்குப் போய், இதழ்கள் அடுக்கியிருந்த இடத்தில் எதையாவது பிரித்துவைத்துக்கொண்டு நூலகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் வாசலில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. உயரமான பெண்மணி, வெள்ளைத் தலை, முதுகு வளையாத நடை. யாருடைய கையையும் பிடிக்காமல் நேராக மேசைக்கு வந்து, பதிவுக் குறுந்தகட்டை மேசை மேல் டக்கென்று வைத்தார்.

"வாங்க டீச்சர்" என்று எழுந்தார் நூலகர். கண்ணை மட்டும் மைக்கக்கா பக்கம் திருப்பி, வாயில் விரலை வைத்துக் காட்டினார். மைக்கக்கா இதழை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். வாய் திறந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

"ரெண்டாவது அத்தியாயம் படிச்ச பொம்பள யாரு?" என்றார் டீச்சர்.

"ஏன் டீச்சர்?"

"அவங்க வீட்ல ஏதாவது துக்கமா? துக்கம்னா போய்ப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. படிக்கக் கூப்பிடாதீங்க. திண்ணைக்கு அழறாங்க, செருப்புக்கு அழறாங்க. பாதியில நிறுத்திட்டேன்."

மைக்கக்காவுக்கு முகம் சூடாகிவிட்டது. இதழில் இருந்த எழுத்தெல்லாம் கலங்கியது. ராஜாவும் அவர் அடிவயிறும் நாசமாய்ப் போக என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாம் என்றால் வாசலுக்கு டீச்சரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"சரிங்க டீச்சர்" என்றார் நூலகர், குரலே எழும்பாமல். "நான் சொல்லிடறேன்."

"பதமா சொல்லுங்க. பாவம். சரி, முதல் அத்தியாயம் படிச்சவங்க யாரு? அவங்க வேணும் எனக்கு."

நூலகர் மைக்கக்காவைப் பார்த்தார். இதழ் மெதுவாகக் கீழே இறங்கியது.

"அவங்களா டீச்சர்? அது... அதுல சில இடம் ரெண்டு தடவை வந்திருக்குமே. அது தப்பா..."

"தேநீர் குடிச்சதை எதுக்கு ரெண்டு தடவை சொன்னாங்கன்னு எனக்கும் புரியல. அதெல்லாம் குறைச்சுக்கலாம்." டீச்சர் மேசையைத் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "ஆனா கடைசியில ஒரு இடம் வருது. காலை நாலு மணிக்கு அப்பா இறந்துபோனார்னு. முதல் தடவை சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. சரி, செத்துட்டாருன்னு நினைச்சேன். அப்புறம் அதையே இன்னொரு தடவை சொன்னாங்க. அப்பதான் எனக்கு உறைச்சது."

அவர் கைத்தடியை மடிமேல் சாய்த்துவைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் போனப்ப ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் அப்படித்தான் சொன்னாங்க. நான் கேட்டுட்டு, அவருக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்கேன், எப்ப குடுக்கலாம்னு கேட்டேன். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கல. அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லிச்சு. அதுக்கப்புறம்தான் நான் சாப்பாட்டைக் கீழ வச்சேன்." கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "புத்தகத்துல ரெண்டு தடவை இருக்கா?"

"ஒரு தடவைதான் இருக்கு, டீச்சர்."

"அப்ப எழுதினவர் விட்டுட்டார். இங்க படிக்கறவங்க எல்லாம் எனக்கு முன்னாடி அழுதுடறாங்க. நான் எப்ப அழறது? இவங்க எனக்கு இடம் விட்டுட்டு நிக்கறாங்க. மூணாவது அத்தியாயம் எப்ப படிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

"எப்ப வேணும்னாலும் படிப்பேன், டீச்சர்" என்றாள் மைக்கக்கா.

டீச்சரின் தலை சட்டென்று திரும்பியது. முகம் மலர்ந்தது. "இவங்கதான்."

"ரெண்டாவது அத்தியாயம் படிச்சதும் நான்தான்" என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அவளுக்கு மறைக்கத் தெரியாது.

டீச்சர் யோசித்தார். "உடம்பு சரியில்லாம இருந்துதா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார்."

"அவரை இந்தப் பக்கம் விடாதீங்க" என்றார் டீச்சர் நூலகரிடம். நூலகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புத்தகம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவதுக்கு முன்னால் இரண்டாவது அத்தியாயத்தையே மறுபடி படித்துவிட வேண்டும், செருப்புக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை என்றார் டீச்சர். அடுத்த வாரம் வரை காத்திருக்கவும் அவருக்குப் பொறுமை இல்லை. மாடி அறை இப்போது காலியா என்று கேட்டார். காலிதான். தானும் அறையில் உட்காரலாமா என்று கேட்டார். அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை, ஆனால் கூடாது என்றும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை என்றார் நூலகர்.

மூன்று பேரும் படியேறினார்கள். நூலகர் இன்னொரு முக்காலி கொண்டுவந்து போட்டார், மின்விசிறியை நிறுத்தினார். மைக்கக்கா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காத தன் குரலில், முதல் வரியைப் படித்தாள். வண்டி மெல்ல நின்றது, அவள் இறங்கினாள். அவ்வளவுதான் வரி. எதிரே டீச்சர் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டு, கைத்தடி மேல் மோவாயை வைத்துக்கொண்டு, வசதியாக உட்கார்ந்தார்.

"ம்" என்றார். "மேல படிங்க."

மைக்கக்கா வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் அந்தக் கண்ணாடி அறையில் இருந்த காலமெல்லாம் அவள் பார்த்தது முதுகுகளைத்தான். அவள் பேசத் தொடங்கியதும் ஆட்கள் எழுவார்கள், பெட்டியைத் தூக்குவார்கள், குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓட வைக்கத்தான் அவளுக்குச் சம்பளம். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டு ஒருவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.