நான்காம் எதிர்மனுதாரர்

செம்பூரில் வக்கீல் வானமாமலையின் வீட்டு முன்னறையில் தனக்காக அவர் எழுதிய மனுவைப் புரட்டிக்கொண்டிருந்த மெஹராஜ் ஒரு பெயரில் விரலை வைத்து நிறுத்தினாள். முதல் எதிர்மனுதாரர் மாநில அரசு, இரண்டாவது தேர்வு வாரியம், மூன்றாவது மருத்துவக் கல்லூரி. நான்காவதாக ராஜலக்ஷ்மி வெங்கடேஸ்வரன் என்று இருந்தது.

"சார், இவ என்கூடப் படிச்சவ. இவ ஒண்ணும் செய்யலியே."

வானமாமலை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் விடைத்தாளில் ஒரு பக்கத்தைக் கூட்டாமல் விட்டது வாரியம். மறுகூட்டலில் மெஹராஜின் மதிப்பெண் ஏறியது. ஆனால் அது கைக்கு வருவதற்குள் கல்லூரி சேர்க்கையை முடித்துவிட்டது. பின்னால் வந்த மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க விதியில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். நீதிமன்றம் இப்போது அவளுக்கு இடம் கொடுத்தால், கடைசியாகச் சேர்ந்தவர் வெளியேற நேரலாம். அந்தக் கடைசி ஆள் ராஜலக்ஷ்மி. அவளைக் கேட்காமல் எந்த நீதிபதியும் உத்தரவு போடமாட்டார்.

மெஹராஜின் வாப்பா நாகூர் கனி தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். வக்கீல் பேசியபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர், திரும்பும் பஸ்ஸில் மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"மனசு ஒப்பலன்னா விட்ருவோம் மக்கா. பி.எஸ்ஸி. படி. யாரு என்ன சொல்லப் போறா?"

மெஹராஜ் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபடி இருந்தாள். சயான் தாண்டியதும் திரும்பினாள். "நான் எழுதுன பரீட்சை வாப்பா அது. என் மார்க்கு."

நாகூர் கனி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நோட்டீஸ் கொண்டுபோன வக்கீலின் குமாஸ்தா வெறுங்கையோடு திரும்பினார். மாட்டுங்காவில் ராஜலக்ஷ்மியின் அப்பா கதவைப் பாதி திறந்து, பெண் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். மறுபடி போனபோது கதவே திறக்கவில்லை. வழக்கு வரும் நாளோ நெருங்கிவிட்டது. நோட்டீஸ் சேராவிட்டால் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்தால் பல்கலைக்கழகம் இந்த வருடத்துச் சேர்க்கையையே மூடிவிடும். நானே போகிறேன் என்று மெஹராஜ் சொன்னாள். ராஜலக்ஷ்மியின் வீடு அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் ஒன்றாக உட்கார்ந்து படித்த வீடு.

தண்டவாளத்து மேம்பாலம் ஏறி இறங்கி அவள் மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது, சல்வார் முழங்கால் வரை நனைந்திருந்தது. மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தது ராஜலக்ஷ்மியேதான். அவள் முகம் மலர்ந்தது.

"எங்கேடி போயிட்டே? உள்ளே வா, இப்படி நனைஞ்சிண்டு நிக்கறியே."

எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது என்பதை அந்தக் கணத்தில்தான் மெஹராஜ் புரிந்துகொண்டாள். வந்தவரைத் திருப்பி அனுப்பியதை அப்பா மகளிடம் சொல்லவே இல்லை. ஓடிவிடலாமா என்று கால் தவித்தது. ஆனால் கை, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நோட்டீஸ் காகிதங்களை எடுத்து நீட்டிவிட்டது.

ராஜலக்ஷ்மி நின்றபடியே படித்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் உதடு வெளுத்துவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து அப்பா வெங்கடேஸ்வரன் வந்தார். காகிதங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"எங்க பொண்ணு உனக்கு என்ன பண்ணினா? இதே கூடத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே நீ."

பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட மெஹராஜ் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போடாதே என்று மகளிடம் சொன்னார் அவர். ராஜலக்ஷ்மி பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டாள்.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

உயர் நீதிமன்றத்தில் வழக்கை அழைத்தபோது மதியம் நெருங்கிவிட்டது. மெஹராஜும் வாப்பாவும் பின்பெஞ்சில் இருந்தார்கள். நடைபாதைக்கு அப்பால் ராஜலக்ஷ்மி தன் அப்பாவோடு இருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் தனியாக வக்கீல் வைத்திருக்கவில்லை.

வானமாமலை நிதானமாக எடுத்துவைத்தார். தவறு வாரியத்துடையது, தண்டனை மட்டும் மாணவிக்கா என்று கேட்டார். கல்லூரியின் வக்கீல் எழுந்து, எல்லா இடமும் நிரம்பிவிட்டது, மனுதாரரைச் சேர்ப்பதென்றால் நான்காம் எதிர்மனுதாரரை வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை என்றார். மூத்த நீதிபதி நெற்றியைத் தடவிக்கொண்டு, அந்த மாணவி வந்திருக்கிறாரா என்று கேட்டார்.

ராஜலக்ஷ்மி எழுந்தாள். மெஹராஜ் தன் துப்பட்டா நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இவள் அழுதால் என் வழக்கு போச்சு என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததற்கு அடுத்த நொடியே கூசினாள்.

ராஜலக்ஷ்மி அழவில்லை. தெளிவான இங்கிலீஷில், எல்லா இடமும் நிரம்பவில்லை என்றாள். தான் உடற்கூறு படிக்கும் டிஸெக்‌ஷன் மேஜையில் ஒரு பையனின் பெயரைத் தினமும் கூப்பிடுகிறார்கள், அவன் முதல் நாளுக்குப் பிறகு வரவேயில்லை, இன்ஜினீயரிங் சேர்ந்துவிட்டதாகப் பிறகு வெளியே பார்த்தபோது அவனே தன்னிடம் சொன்னான் என்றாள்.

வெங்கடேஸ்வரன் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மூத்த நீதிபதி அவளிடம், கல்லூரிக்கு எதிராகப் பேசுகிறாய், நாளை அங்கேதான் படிக்க வேண்டும், இதைச் சத்தியம் செய்து சொல்லத் தயாரா என்று கேட்டார். அவள் அப்பாவின் கையை விலக்கிவிட்டு, தயார் என்றாள்.

விசாரித்து வரும்படி கல்லூரி வக்கீலை அனுப்பினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் நாகூர் கனி வாங்கி வந்த வடா பாவ் ரொட்டியை மெஹராஜ் தொடவில்லை. பிற்பகலில் அந்த வக்கீல் குரலைத் தாழ்த்தி, அந்தப் பையன் வருவதில்லைதான், ஆனால் முறைப்படி எழுதிக் கொடுத்து விலகவில்லை என்றார். யாருக்காக அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று இளைய நீதிபதி கேட்டார்.

காலியான இடத்தை மெஹராஜுக்குக் கொடுக்க உத்தரவானது. நான்காம் எதிர்மனுதாரரின் இடத்தைத் தொடக்கூடாது, இன்று சொன்னதற்காக அவருக்கு எந்தத் தொல்லையும் வரக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நாகூர் கனிக்கு இங்கிலீஷ் புரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

வராந்தாவில் மெஹராஜ் ஓடிப்போய் ராஜலக்ஷ்மியை மறித்தாள்.

"உனக்காகச் சொல்லலை" என்றாள் ராஜலக்ஷ்மி. "என் சீட்டுக்காகச் சொன்னேன்."

"தெரியும்."

"அப்ப சரி."

அவள் அப்பாவோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் பையனின் இடம்தான் என்பதால், அதே டிஸெக்‌ஷன் மேஜையில்தான் மெஹராஜை நிறுத்தினார்கள். நீதிபதிகள் சொன்ன வார்த்தை அந்த அறைக்குள் முழுசாக வந்து சேரவில்லை. கேள்வி கேட்கிற முறை வந்தால் விரிவுரையாளர் முதலில் ராஜலக்ஷ்மியைத்தான் எழுப்புவார். கோர்ட்டில் பேசத் தெரிந்தவளுக்கு நரம்பின் பெயர் தெரியாதா என்பார். தாமதமாக வந்த மெஹராஜையோ எதுவும் கேட்கமாட்டார். அவள் அங்கே நிற்காதது போலவே கடந்து போவார். மாலையில் இருவரும் ஒரே வண்டியில், ஒரே பெண்கள் பெட்டியில் திரும்பினார்கள். பேசிக்கொள்ளவில்லை. முதல் வருடத் தேர்வு முடிவு வந்த அன்று, இருவரும் தேறியதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறியபோதுதான், ராஜலக்ஷ்மி நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். மெஹராஜ் உட்கார்ந்தாள். மாட்டுங்கா வரும்வரை இயற்பியல் விடைத்தாளில் கூட்டாமல் விட்ட அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருந்தாள் என்று ராஜலக்ஷ்மி கேட்டுக்கொண்டே வந்தாள்.