தனபாக்கியம் சொன்ன நேரம்

நாகநாதனுக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருஷமாகிறது. கடலில் வலை இழுத்தே காலம் போன மனுஷர். பீடியும் படகு எஞ்சின் புகையும் சேர்ந்து, இப்போது சட்டை மாட்டுவதற்கே மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் ரிஃப்கா, “மூக்கால இழுங்க ஐயா. சூடான டீயை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க. தினம் பத்து நிமிஷம் நடங்க, வாராவாரம் ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. எட்டு வாரம் கழிச்சுப் பாப்போம்” என்று அனுப்பிவைத்தாள். செல்போனில் நேரம் பார்ப்பது மனைவி தனபாக்கியத்தின் பொறுப்பு.

அவர் உதட்டைக் குவித்துக்கொண்டு தெருவில் நடப்பார். இவள் வாசலில் போனோடு நிற்பாள். நாலு நிமிஷம் ஆனதும், “பத்தாச்சுங்க, உக்காருங்க” என்பாள். அவரும் உட்கார்ந்துவிடுவார். நாற்பது வருஷமாக அவள் சொல்லை நம்பியே பழகியவர். வாரம் ஏற ஏற, பன்னிரண்டு, பதினாலு என்று அவள் வாய் ஏறியதே தவிர நடை ஏறவில்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அது சாட்சாத் தனபாக்கியம்தான்.

அவளைத் திட்டுவதற்கு முன் இதையும் கேட்டுவிடுங்கள். ஒரே மகன் ஜெகனைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருஷம் ஆகிறது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. நடக்கத் தொடங்கிய அன்று நாகநாதன், “மூச்சு மட்டும் திரும்பட்டும் தனம், அப்புறம் பாரு” என்றார். அவள் மனசு உடனே கடலுக்குத்தான் ஓடியது. மூச்சு திரும்பினால் இந்த மனுஷர் படகு ஏறாமல் இருப்பாரா? இளைப்போடாவது கண்ணெதிரே கிடக்கட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

எட்டு வாரம் முடிந்ததும் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு ரிஃப்கா அளந்தாள். முதல் நாள் அளந்த தூரத்தைவிட முப்பது மீட்டர் குறைவு. நாகநாதன் நாற்காலியில் சரிந்து, “ஒரு நாள் விடாம நடந்தேனேம்மா” என்று சின்னப்பிள்ளை போல அழுதார். தனபாக்கியத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரிஃப்கா ஃபைலைப் புரட்டினாள். “முதல் நாள் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தப்ப, உடம்பு நல்லாயிட்டா என்ன செய்ய ஆசைன்னு கேட்டேனே. நீங்க சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேன் ஐயா. ‘கொல்லையில இருக்கிற கக்கூசுக்கு நானே போய், மூச்சு வாங்காம உக்காந்து எழுந்து வரணும். அவ கழுவி விடுறது கூசுது.’ அதுக்குக்கூட இன்னும் தெம்பு வரலையே, ஏன்?”

கடலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

“நான்தாம்மா பாவி” என்று தனபாக்கியம் வாய்விட்டுக் கதறினாள். “நாலு நிமிஷத்துலயே ஆச்சுன்னு சொல்லி உக்கார வச்சேன். மறுபடி கடலுக்குப் போயிடுவாரோன்னு பயந்துட்டேன்.”

நாகநாதன் அவள் பக்கம் திரும்பவில்லை. வெகுநேரம் உதட்டைக் குவித்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். அவள் பதறி நீட்டிய கையைத் தொடாமல், “ரிஃப்கா, நீ நேரம் பாரும்மா” என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.