மெலிந்த எழுத்து

கலியனுக்கு வரவேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை மூன்று வருஷம் அள்ளியதில், சம்பளத்தில் பிடித்துவைத்த பணம். அந்தக் காண்ட்ராக்டர் ஊரைவிட்டே போய்விட்டார்; இப்போது வேறொருவரிடம் அதே வேலை. ஓடிப்போனவர் சொத்தை விற்றுப் பங்கு கொடுக்கக் கடலூரில் ஒரு நிலுவைக் குழு போட்டார்கள். யாரை எப்போது கூப்பிடுகிறார்கள் என்பது குழுவின் இணையதளத்தில் மட்டும்தான் வரும். வீட்டுக் கூரைக்குத் தகரம் போட அவன் மனைவி வீராயி இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள். குறிஞ்சிப்பாடியில் விலைகூடக் கேட்டுவைத்துவிட்டாள்.

மெயின் பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சோபியாதான் வழி சொன்னாள்.

“இதுக்குப் பேரு ஃபீடுண்ணே. அந்த சைட்டத் தேடிப் போவ வேணாம். புதுசா எது போட்டாலும் இங்கயே வந்து நிக்கும். தடிச்ச எழுத்துன்னா புதுசு. பாத்ததெல்லாம் மெலிஞ்சிடும்.”

“அப்ப தடியன மட்டும் பாத்தாப் போதும்.”

“ஆமா. ஒல்லி ஆளுங்கள வுட்டுடுங்க.”

கலியன் நாற்பது வயதுக்குமேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவன். ஒரு வரி படிக்க ஒரு பீடி நேரம் ஆகும். பார்த்ததுமே தெரிகிற அடையாளம் கிடைத்ததில் நிம்மதி. வார ஓய்வு நாளில் வந்து ஐந்து ரூபாய் கொடுப்பான். தடித்த எழுத்து இருந்தால் சோபியா திறந்து படித்துச் சொல்வாள். யார் யார் பெயரோ வரும்.

ஒரு வாரம் அவள் யாருக்கோ விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள். தானே பார்த்துக்கொள்ளலாம் என்று கலியன் மவுஸைப் பிடித்தான். காய்த்துப்போன விரலுக்குச் சக்கரம் அடங்கவில்லை. பக்கம் சரசரவென்று அடிவரைக்கும் ஓடி நின்றது. மெதுவாக மேலே உருட்டி வந்து பார்த்தான். ஒன்றுகூடத் தடியாக இல்லை.

“ஒண்ணும் வர்லம்மா.”

“சரிண்ணே,” என்றாள், தலை நிமிராமல்.

மூன்று வாரம் கழித்து, கூட வேலை பார்த்த வேணு கேட்டான். “நம்ம பெல்ட்டு ஆளுங்க எல்லாரையும் ஒண்ணாதான கூப்ட்டான், நா வாங்கிகினு வந்துட்டேன். நீ எங்க கலியா போயிருந்த?”

சோபியா தேடினாள். கூப்பிட்ட அறிவிப்பு மெலிந்த எழுத்தில் கிடந்தது. பதினைந்து நாளில் நேரில் வராதவர் கோரிக்கை தள்ளுபடி.

“தொறக்காட்டியும், கண்ணு முன்னாடி ஓடிப்போனாலே பாத்ததாக் கணக்கெடுத்துக்கும்ணே. நான் அதச் சொல்லல.”

குழுவுக்குப் போன் போட்டாள். கணக்கு மூடியாச்சு என்றார்கள். தள்ளுபடியானவர்களின் பட்டியலும் வந்திருந்தது. கலியன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனான். ஒன்பதாவது பெயர் அவனுடையது. கோபம் வருமா என்று காத்துப் பார்த்தான். வரவில்லை.

“ஒரு பிரிண்ட் குடும்மா. வெறுங்கையோட போனா, வாங்கி எவளுக்கோ குடுத்துட்டேன்னுவா.”

சோபியா சிரிக்கவில்லை. காசும் வாங்கவில்லை.

இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தாளை நாலாக மடித்துச் சோற்றுப் பையில் வைத்திருந்தான். சோற்றுத் தூக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. சுரங்க வாசலில் இறங்கும்போது பைக்குள் கைவிட்டுப் பார்த்தான். மை ஊறி, விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.